எந்தப் படியால் அளந்தீர்கள்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியை ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது, குறைந்தது முப்பது ஆண்டுகளையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தமையால் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு காலத்தில் இந்தியா ஆண்டுக்கு 3.5 சதவீதம் வளர்ந்தது, அது போதாது என்கிறீர்கள். இப்போது 7 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தால் நன்று என்கிறீர்கள். வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய்தானே ஐயா? (விருதுநகர்)

பதில்: வட்டிக் கணக்கில் ஊறிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. நீங்கள் தனிவட்டி போட்டுப் பார்க்கிறீர்கள். நாட்டின் உற்பத்தியோ கூட்டுவட்டியில் பெருகுகிறது. நூறு ரூபாயை 30 ஆண்டுகளுக்கு விட்டுவைத்தால், தனிவட்டியில் 3.5 சதவீதத்துக்கு 205 ரூபாயும் 7 சதவீதத்துக்கு 310 ரூபாயும் கிடைக்கும். அதையே கூட்டுவட்டியில் போட்டால் முதலாவது 281 ரூபாயாகவும், இரண்டாவது 761 ரூபாயாகவும் நிற்கும். ஒரு தலைமுறைக்குள் ஒரு குடும்பம் ஏறத்தாழ மூன்று மடங்கு வசதியையும், பக்கத்துக் குடும்பம் ஏழரை மடங்கு வசதியையும் அடைந்துவிட்டால், அந்த இரண்டு வீடுகளையும் ஒரே தெருவில் இருப்பவை என்று யாரும் நம்ப மாட்டார்கள். காகிதமும் பென்சிலும் இல்லாமல் கணக்கிட வேண்டுமானால் 70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கான விடை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். 7 சதவீதம் என்றால் 10 ஆண்டுகள், 3.5 சதவீதம் என்றால் 20 ஆண்டுகள்.

ஆனால் அந்த 3.5 சதவீதத்தை முழுதாக நாம் அனுபவிக்கவும் இல்லை. 1950 முதல் 1980 வரை மக்கள்தொகையும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் பெருகியதால், தலைக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1.3 சதவீதம்தான். அந்த வேகத்தில் ஒருவருடைய வருமானம் இரட்டிப்பாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதாவது தாத்தா சம்பாதித்ததைப் போல இரண்டு மடங்கைப் பேரன்தான் பார்ப்பான். பொருளாதார அறிஞர் ராஜ் கிருஷ்ணா இதைத்தான் கிண்டலாக 'இந்து வளர்ச்சி விகிதம்' என்று அழைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அந்தப் பெயரை விரும்புவதில்லை. 1900 முதல் விடுதலை வரையிலான ஏறத்தாழ அரை நூற்றாண்டில் தலா வருமானம் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது என்பதை முன்னால் வைத்துப் பார்த்தால், 1.3 சதவீதம் என்பதே அசையாத தேர் முதன்முதலாக அசைந்ததற்குச் சமம். எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அதே எண் தோல்வியாகவும் தெரியும், திருப்புமுனையாகவும் தெரியும்.

அமெரிக்கா ஏதோ ஒரு பத்தாண்டில் பாய்ந்து முன்னேறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்நாட்டின் தலா வருமானம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக ஆண்டுக்குச் சராசரியாக 2 சதவீதத்தை ஒட்டியே வளர்ந்து வந்திருக்கிறது. நூறு ஆண்டுகளில் அது ஏழு மடங்கு. 1 சதவீதமாக இருந்திருந்தால் மூன்று மடங்கைக்கூட எட்டியிருக்காது. மறுபக்கம் அர்ஜென்டினாவைப் பாருங்கள். 1913இல் அதன் தலா வருமானம் பிரான்ஸையும் ஜெர்மனியையும் விடச் சற்று அதிகமாக இருந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அதன்பின் அது பெரிய பேரழிவு எதையும் சந்திக்கவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக ஆண்டுக்குச் சில தசமங்களைத் தவறவிட்டுக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: 2024–25இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 9.69 சதவீதம் என்று முதலில் படித்தோம். சில மாதங்கள் கழித்து 11.19 சதவீதம் என்றார்கள். நடந்து முடிந்த ஆண்டு எப்படி மாறும்? (சேலம், கல்லூரி மாணவி)

பதில்: ஆண்டு மாறவில்லை, அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறியது. நிதியாண்டு முடியும் தறுவாயில் வெளிவருவது முன்மதிப்பீடு. அப்போது நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகள் வந்திருக்காது, பயிர் விளைச்சலின் இறுதி எண்கள் வந்திருக்காது, அரசுச் செலவுகளின் தணிக்கை முடிந்திருக்காது. கையில் இருக்கும் சில மாத எண்களையும், சரக்கு வாகன விற்பனை, சிமெண்ட், மின்சாரம், வரி வசூல் போன்ற அடையாளங்களையும் வைத்து மீதியை இட்டு நிரப்புவார்கள். பின்னர் உண்மையான எண்கள் வர வர, இட்டு நிரப்பிய இடங்கள் திருத்தப்படும். இப்படித் திருத்தப்பட்டதில்தான் 14 ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலம் இரட்டை இலக்கத்தைத் தொட்டது. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் ஒன்றரைப் புள்ளி இப்படி நகரக்கூடிய கணக்கில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கங்களை அச்சிடுவது, மூட்டை நிறுக்கும் தராசில் வெள்ளி நிறுப்பதைப் போன்றது.

இதைவிடப் பெரிய திருத்தங்களும் உண்டு. 2015 ஜனவரியில் தேசியக் கணக்கின் அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் விலைகளை வைத்து மற்ற ஆண்டுகளின் உற்பத்தியை மதிப்பிடுகிறார்களோ அந்த ஆண்டு) 2004–05இலிருந்து 2011–12க்கு மாற்றப்பட்டபோது, பழைய கணக்கில் 4.7 சதவீதமாக இருந்த 2013–14ஆம் ஆண்டு வளர்ச்சி புதிய கணக்கில் 6.9 சதவீதமாயிற்று, பின்னர் அதுவும் குறைத்துத் திருத்தப்பட்டது. கானாவில் 2010இல் இதுபோல அடிப்படையை மாற்றியதும் நாட்டின் உற்பத்தி 60 சதவீதம் அதிகமாகக் காட்டப்பட்டது. நைஜீரியா 2014இல் 1990ஆம் ஆண்டு அடிப்படையைக் கைவிட்டு 2010க்கு மாறியபோது உயர்வு 89 சதவீதம்; ஒரே நாளில் அது தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் முதல் பொருளாதாரமாகிவிட்டது. அன்றைக்கு நைஜீரியாவின் பெருநகரான லாகோஸில் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. 1990இல் இல்லாத கைப்பேசி நிறுவனங்களையும், கணக்கில் ஒதுக்கப்பட்டிருந்த நைஜீரியத் திரைப்படத் தொழிலையும் முதன்முறையாகச் சேர்த்து எண்ணினார்கள்.

கேள்வி: 1700ஆம் ஆண்டில் உலக உற்பத்தியில் கால் பங்கு இந்தியாவுடையது என்று மேடைதோறும் கேட்கிறோம். அக்காலத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிட்டவர் யார்? (காரைக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: எவரும் கணக்கிடவில்லை. அந்த எண் ஆங்கஸ் மேடிசன் என்ற பொருளியல் வரலாற்று அறிஞருடையது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்து 2010இல் மறைந்த அவர், கடந்த ஈராயிரம் ஆண்டுகளுக்கான உலக உற்பத்தியை நாடுவாரியாக மதிப்பிடும் துணிச்சலான வேலையில் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய அட்டவணையில் 1700இல் இந்தியாவின் பங்கு 24.4 சதவீதம், 1950இல் 4.2 சதவீதம். மேடையில் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

அதே அட்டவணையின் அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். 1700இல் இந்தியத் துணைக்கண்டத்தின் மக்கள்தொகை 16.5 கோடி, உலகத்தின் மக்கள்தொகை 60 கோடி என்பது அவர் கணக்கு. அதாவது உலக மக்களில் 27 சதவீதத்தினர் சேர்ந்து உலக உற்பத்தியில் 24 சதவீதத்தைச் செய்தார்கள். தலைக்கு வகுத்தால் அன்றைய இந்தியர் உலகச் சராசரிக்குச் சற்றுக் கீழே வருகிறார். எல்லோரும் ஏழைகளாக இருந்த உலகில் ஆள் பலம்தான் பங்கைத் தீர்மானித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 1500, 1600, 1700 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் இந்தியாவின் தலா வருமானம் அவருடைய அட்டவணையில் மாறாமல் 550 டாலர் (1990ஆம் ஆண்டின் மதிப்பில்) என்றே இருக்கிறது. பாபருக்கு முன்னும் ஔரங்கசீப்பின் கடைசிக் காலத்திலும் ஒரு டாலர்கூட மாறவில்லை என்றால் அது அளந்த எண்ணாக இருக்க முடியாது. உயிர் தரித்திருக்கக் குறைந்தது 400 டாலர் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு இருந்திருக்கும் என்று அனுபவம் மிக்க ஒருவர் சொன்ன உத்தேசம் அது. அவர் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை; வேறு எவரும் அடியெடுத்து வைக்காத காட்டில் அவர் ஒற்றையடிப் பாதை போட்டார். அந்தப் பாதையைத் தேசிய நெடுஞ்சாலை என்று நினைத்துக்கொள்வதுதான் தவறு.

அவருக்குப் பின் வந்தவர்கள் கூலியையும் விலையையும் கொண்டு இதை நெருங்கிப் பார்த்தார்கள். அபுல் ஃபசல் 1595ஐ ஒட்டி எழுதிவைத்த அக்பர் காலத்துக் கூலி, தானிய விலைப் பட்டியல்களும், ஆங்கிலேய, டச்சு வணிகக் கம்பெனிகளின் பேரேடுகளும் அவர்களுக்குக் கைகொடுத்தன. ஸ்டீபன் பிராட்பெரி, பிஷ்ணுப்ரியா குப்தா முதலியோர் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1600இல் பிரிட்டனின் தலா வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இருந்த இந்தியா, 1871இல் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சரிவின் ஒரு பகுதி கம்பெனி ஆட்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதும் அவர்கள் முடிவு. இதை ஏற்காதவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களின் வாழ்க்கை ஆங்கிலேய நெசவாளர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது என்று பிரசன்னன் பார்த்தசாரதி வாதிட்டார். சண்டை எங்கே வருகிறது தெரியுமா? கூலியை வெள்ளியில் அளப்பதா, தானியத்தில் அளப்பதா என்பதில். வெள்ளியில் பார்த்தால் தென்னிந்தியக் கூலி மிகச் சிறியது. ஆனால் இங்கே அரிசி மலிவு. அந்த வெள்ளிக்கு எத்தனை படி அரிசி வாங்கலாம் என்று பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. எந்தப் படியால் அளந்தீர்கள் என்று கேட்காமல் 'அன்றைக்கு யார் பணக்காரர்' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

நம் நாட்டில் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தவர் தாதாபாய் நௌரோஜி. 1867–68ஆம் ஆண்டுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் தலா வருமானம் 20 ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். அதோடு விடாமல், சிறைக் கைதி ஒருவருக்கு அரசே செய்யும் சாப்பாட்டு, துணிச் செலவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்; கைதிக்கு ஆகும் செலவு குடிமகனின் வருமானத்தை விஞ்சியது. அதைவிட எனக்குப் பிடித்தது, அரசு அறிக்கைகளின் சராசரிகளை அவர் பிரித்து மேய்ந்த விதம். சிறிய மாவட்டத்தின் விளைச்சலையும் பெரிய மாவட்டத்தின் விளைச்சலையும் பரப்பளவைப் பார்க்காமல் அப்படியே கூட்டி வகுத்திருந்தார்கள் என்று அவர் கண்டுபிடித்துக் காட்டினார். ஆசிரியராக இருந்த உங்களுக்கு அந்தப் பக்கங்கள் நிச்சயம் சுவைக்கும்.

கேள்வி: நான் நாள் முழுதும் வீட்டில் செய்யும் வேலை நாட்டின் உற்பத்தியில் சேருமா? (தென்காசி)

பதில்: சேராது. நீங்கள் வீட்டில் ஆட்டும் இட்லி மாவு கணக்கில் இல்லை. அதே மாவைத் தெருமுனைக் கடையில் பாக்கெட்டாக வாங்கினால் அது உற்பத்தி. வயலில் விளைந்த நெல்லைச் சொந்தச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டால்கூட அதற்கு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறார்கள். அந்த நெல்லை அரிசியாக்கிச் சோறாக்கும் உழைப்பை அடுப்படியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவது தெரியவந்தது. இது நியாயம் பற்றிய பிரச்சினை மட்டுமல்ல, நீண்ட கால வளர்ச்சியை அளப்பதிலும் பிழையை உண்டாக்குகிறது. இரண்டு தலைமுறைகளில் வீட்டு வேலையின் ஒரு பகுதி கடைக்கும் கூலிக்கும் இடம்பெயரும்போது, அது முழுவதும் புதிய உற்பத்தி போலப் பதிவாகிறது. விட்டுப்போன வீட்டு உற்பத்தியை யாரும் கழிப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 1934இல் தேசிய வருமான அறிக்கையைத் தந்த சைமன் குஸ்நெட்ஸே, இந்த எண்ணை வைத்து மக்களின் நலனை முடிவுசெய்யக் கூடாது என்று அதே அறிக்கையில் எழுதிவைத்தார். எண்ணைப் பிடித்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

கேள்வி: எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறேன். விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைச் சொல்கிறீர்கள். நூறு வருடத்துக்கு முன் எல்.இ.டி. பல்பே கிடையாதே, எதன் விலையை எதன் விலையோடு ஒப்பிடுவீர்கள்? (மதுரை)

பதில்: வந்த கடிதங்களில் இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. வில்லியம் நார்தாஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1990களில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, பழங்கால ரோமானிய மண் அகல் விளக்கு ஒன்றை விலைக்கு வாங்கினார். அதில் திரி போட்டு நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றி, எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று ஒளி அளக்கும் கருவியால் அளந்தார். நம் வீடுகளில் கார்த்திகைக்குச் செய்வதைத்தான் அவர் ஆராய்ச்சிக்காகச் செய்தார். நாம் கருவியை வைத்து அளக்கவில்லை, அவ்வளவே.

அவர் கேட்டது எளிமையான கேள்வி: குறிப்பிட்ட அளவு வெளிச்சத்தைப் பெற ஒரு தொழிலாளி எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்? அவர் எடுத்துக்கொண்ட அளவு 1,000 லூமன்–மணி. இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரிந்தால் வரும் வெளிச்சம் அது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனில், நல்லெண்ணெய் விளக்கில் அந்த வெளிச்சத்தைப் பெற 40 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. 1800இல் கொழுப்பு மெழுகுவர்த்திக்கு 5 மணி நேரத்துக்குச் சற்று மேல். 1992இல் சி.எஃப்.எல். விளக்குக்கு அரை நொடிகூட ஆகவில்லை. அவர் ஆய்வு அங்கே முடிகிறது, கதை முடியவில்லை. நம் நாட்டிலேயே அரசுத் திட்டத்துக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பின் விலை 2014இல் 310 ரூபாயாக இருந்தது, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியதை நீங்கள் கடை வாசலிலேயே பார்த்திருப்பீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலைக் குறியீட்டெண் தயாரிப்பவர்கள் மெழுகுவர்த்தியின் விலையையும், பிறகு மண்ணெண்ணெய் விலையையும், பிறகு மின்சார யூனிட் கட்டணத்தையும் தனித்தனியே பின்தொடர்ந்தார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய தருணத்தில் அதே காசுக்குக் கிடைத்த வெளிச்சம் பல மடங்கு கூடியதே, அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இந்த ஒரு பொருளில் மட்டும் வழக்கமான குறியீட்டெண் இரண்டு நூற்றாண்டுகளில் விலை உயர்வை ஆயிரம் மடங்கை ஒட்டி மிகைப்படுத்திவிட்டது என்று நார்தாஸ் காட்டினார். விலை உயர்வை மிகையாகக் கழித்தால் வளர்ச்சி குறைவாகத் தெரியும். ஆகவே நீண்ட கால வளர்ச்சி எண்கள் உண்மையான முன்னேற்றத்தைக் குறைத்தே காட்டுகின்றன என்பது என் கருத்தும்கூட.

ஆனால் எல்லாப் பொருளும் வெளிச்சத்தைப் போன்றதல்ல. சலூனில் முடி வெட்ட என் தாத்தாவுக்கு ஆன நேரமே எனக்கும் ஆகிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் ஆசிரியரின் வேகம் மின்விளக்கின் வேகத்தில் கூடவில்லை. வருமானம் உயர உயர, மலிவாகிவிட்ட பொருள்களுக்குச் செலவிடும் பங்கு குறைந்து, இத்தகைய சேவைகளுக்குச் செலவிடும் பங்கு கூடுகிறது. பணக்கார நாடுகளின் வளர்ச்சி வேகம் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் நாடு ஒரு தலைமுறைக்குள் முன்னேறியது கடின உழைப்பாலா, புத்திசாலித்தனத்தாலா? அலுவலகத்தில் இது ஓயாத வாக்குவாதம். (சிங்கப்பூர்)

பதில்: உங்கள் அலுவலகத்தில் மட்டுமா? 1990களில் பொருளாதார உலகமே இதே சிங்கப்பூரை வைத்துத்தான் வாக்குவாதம் செய்தது.

முதலில் அளக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு இட்லிக் கடையில் ஒரு கிரைண்டரும் இரண்டு ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கிரைண்டர் வாங்கினால் விற்பனை கூடும்; மூன்றாவதற்குச் சற்றுக் கூடும்; நான்காவது கிரைண்டர் மூலையில் சும்மா நிற்கும். இயந்திரத்தை மட்டும் குவித்துக்கொண்டே போனால் பலன் தேய்ந்துகொண்டே வரும் என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1956இல் கணித வடிவில் காட்டினார். அடுத்த ஆண்டு, 1909 முதல் 1949 வரையிலான அமெரிக்கக் கணக்கை எடுத்து, ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி இரண்டு மடங்கானதில் கூடுதல் மூலதனத்தால் விளைந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தார். எட்டில் ஒரு பங்குதான் மூலதனத்தால் வந்தது. மீதி எட்டில் ஏழு பங்கைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று பெயரிட்டார். கழித்தபின் மிஞ்சியது என்பதால் அதைச் 'சோலோ எச்சம்' என்கிறார்கள். அதே காலத்தில் இதைப் போன்ற ஒரு மிச்சத்தைக் கண்ட மோசஸ் ஆப்ரமோவிட்ஸ், இது நம் அறியாமையின் அளவு என்றார். இரண்டு பேரும் சொன்னது சரி.

இந்த முறையைச் சிங்கப்பூருக்குப் பொருத்தியவர் ஆல்வின் யங் என்ற பொருளாதார அறிஞர். 1966 முதல் 1990 வரை சிங்கப்பூரின் உற்பத்தி ஆண்டுக்கு 8.5 சதவீதம் வளர்ந்தது. ஆனால் அதே காலத்தில் வேலைக்குச் செல்வோரின் விகிதம் மக்கள்தொகையில் 27 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகவும், முதலீடு உற்பத்தியில் 11 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு மேலாகவும் ஏறியிருந்தது. இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சிய எச்சம் ஆண்டுக்கு வெறும் 0.2 சதவீதம். 1994இல் பால் குருக்மன் இதை எடுத்துப் பரப்பினார்: இது வியர்வையால் வந்த வளர்ச்சி, வேலைக்குப் போகும் பங்கை இன்னொரு முறை இரட்டிப்பாக்க முடியாது, ஆகவே இந்த வேகம் நீடிக்காது என்றார். சிங்கப்பூரில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது.

பிறகு சாங்–தாய் ஷியே என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் வந்தார். மூலதனம் உண்மையிலேயே அவ்வளவு குவிந்திருந்தால், நான்காவது கிரைண்டரின் கதைப்படி, மூலதனத்துக்குக் கிடைக்கும் லாப விகிதம் சரிந்திருக்க வேண்டுமே. சந்தையில் அது அப்படிச் சரியவில்லையே என்று கேட்டார். தேசியக் கணக்கில் முதலீடு மிகையாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்பது அவர் ஐயம். கூலியையும் லாப விகிதத்தையும் கொண்டு அவர் வேறு வழியில் போட்ட கணக்கில் எச்சம் ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டி வந்தது. அளவை மாற்றியதும் காரணமே மாறிவிட்டது பாருங்கள். என்னைக் கேட்டால், வியர்வை எது, புத்தி எது என்று இவ்வளவு துல்லியமாகப் பிரிக்க முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துறைமுகத்துக்குப் புதிய கிரேன் வாங்கினால் அது கணக்கில் மூலதனம்; ஆனால் பழைய கிரேனில் இல்லாத அறிவும் அந்த இரும்போடு சேர்ந்தே கப்பலில் வந்து இறங்குகிறது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாடு நீண்ட காலம் வளர்வதற்கு முதற்காரணம் எது? (தஞ்சாவூர், விவசாயி)

பதில்: பயன்படக்கூடிய அறிவு. ஒரே சொல்லில் கேட்டால் என் பதில் இதுதான். ஏன் என்பதை உங்கள் வயலிலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் பம்புசெட் உங்கள் வயலுக்கு ஓடும்போது பக்கத்து வயலுக்கு ஓடாது. அறிவு அப்படியல்ல. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் உயரமான நெல் ஒன்றையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் ஒட்டி 1966இல் ஐ.ஆர். எட்டு ரகத்தை வெளியிட்டது. பழைய உயர ரகங்களுக்கு யூரியா போட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். குட்டைத் தண்டு சாயாமல் தாங்கியது. அந்த உத்தியை லூசோன் தீவு விவசாயி பயன்படுத்தியதால் கோதாவரி விவசாயிக்கு ஒரு துளியும் குறையவில்லை. அதற்குச் சற்று முன்பே ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27, குறுவைக்கு ஏற்ற குறுகிய வயதோடு உங்கள் மாவட்டத்தில் பரவியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குத் தீர்ந்துபோகாத இந்தத் தன்மையால்தான், கிரைண்டரைப் போல அறிவின் பலன் தேய்ந்து நின்றுவிடுவதில்லை என்று பால் ரோமர் 1990இல் விளக்கினார். 2018ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை அவரும் அகல் விளக்கு நார்தாஸும் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாக நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்தார்கள். எது விளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் விளைகிறது என்பது மெண்டலின் மரபியலுக்குப் பிறகே தெரிந்தது. 'எப்படி' என்ற கைப்பழக்கமும் 'ஏன்' என்ற விளக்கமும் ஒன்றையொன்று ஊட்டத் தொடங்கியபோதுதான் ஐரோப்பாவில் வளர்ச்சி நிற்காமல் தொடர்ந்தது என்பது, 2025இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜோயல் மோக்கிரின் வாதம்.

ஆனால் விதை மட்டும் போதுமா? வாய்க்கால் தண்ணீர், உரம், கூட்டுறவுக் கடன், விலைக்கு உத்தரவாதம், வந்து சொல்லித்தரும் வேளாண் அலுவலர், எல்லாவற்றுக்கும் மேலாக விளைந்ததில் பெரும்பங்கு உழுதவன் கையில் நிற்கும் என்ற நிலை ஆகியவை இல்லாவிட்டால் விதை பொட்டலத்திலேயே இருக்கும். இந்த ஏற்பாடுகளைத்தான் 2024இல் பரிசு பெற்ற அசெமொக்லு, ஜான்சன், ராபின்சன் ஆகிய மூவரும் முதற்காரணம் என்கிறார்கள். கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் 38ஆவது அட்சரேகையில் ஒரே மொழி, ஒரே மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆலைகளும் அணைகளும் பெரும்பாலும் வடக்கில்தான் இருந்தன. தெற்கு 1950இல் ஏறத்தாழ மூன்று ஹெக்டேர் உச்சவரம்பு வைத்து நிலத்தைக் குத்தகைதாரர்களுக்குப் பிரித்தது, பள்ளிகளைப் பரப்பியது, பிறகு ஏற்றுமதியில் இறங்கியது. தலைமுடியைச் சேகரித்து விக் செய்து விற்றது அதன் ஆரம்பகாலச் சரக்குகளில் ஒன்று. 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. அதே சமயம், அந்த ஆண்டுகளில் தென் கொரியாவை ஆண்டவர் பார்க் சுங்–ஹீ என்ற இராணுவத் தலைவர். நல்ல ஏற்பாடு என்றால் தேர்தல் நடக்கும் நாடு என்று எளிதாகச் சமன் போட முடியாதபடி இந்த உதாரணம் இடறுகிறது. ஏற்பாடுகளை முதற்காரணம் என்று சொல்வோரிடம் எனக்கு இருக்கும் குறை இதுதான்: கூலியை அளக்கலாம், வெளிச்சத்தை அளக்கலாம், ஒரு நாட்டின் ஏற்பாடு எத்தனை படி நல்லது என்று அளக்க இன்னும் எவரிடமும் சரியான படி இல்லை.

ஒரு திருத்தம்: வளர்ச்சி விகிதம் 5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் '1 சதவீதம் கூடியது' என்று சென்ற இதழில் எழுதிவிட்டேன். அது 1 சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 20 சதவீத உயர்வு. சுட்டிக்காட்டிய கோயம்புத்தூர் வாசகருக்கு நன்றி.